முந்நூற்று அறுபத்தைந்து சங்கு

எண்ணிக்கையில் நான் ஒருநாளும் தோற்றதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். இன்றைக்கும் சொல்வேன். சொன்னால் என் வீட்டில் யாராவது ஒருவர் தொண்டையைச் செருமுவார். எதற்குச் செருமுகிறார்கள் என்பதை நானே எழுதிவிட்டால், எனக்குப் பிறகு அவர்கள் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைத்துச் சொல்ல முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு அவசரம் இல்லை. நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

மதுரையில் ஒரு நூல் மில்லில், கூம்பு அட்டையில் நூல் சுற்றுகிற கோன் பிரிவில் இருபத்தாறு வருஷம் நின்றேன். (ஆமாம், நின்றேன். அங்கே உட்கார ஸ்டூல் கிடையாது.) எழுத்து எனக்குப் பிந்தித்தான் வந்தது. அந்தக் காலத்தில் கையெழுத்து மட்டும் போடுவேன். பஸ்ஸின் நெற்றியில் இருப்பதை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடும். ஆனால் எண்ணுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு பெட்டி கோன் நிரம்பினால் மிஷினின் முதுகில் சாக்பீஸால் ஒரு கோடு. நாலு கோட்டுக்கு மேலே குறுக்காக ஐந்தாவது கோடு. அது ஒரு கட்டு. சாயங்காலம் மேஸ்திரி நோட்டுப் போட்டு எண்ணினாலும் என் கட்டுக் கணக்குதான் சரியாக இருக்கும். "பேச்சியம்மா கோடு போட்டா அது கல்வெட்டு" என்று மேஸ்திரியே சொல்வார். அந்த ஒரு சொல்தான் என்னைக் கெடுத்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். சிவராத்திரிக்கு நானும் என் வீட்டுக்காரரும் எழுமலைப் பக்கம் குலதெய்வம் கும்பிடப் போயிருந்தோம். திரும்பி வந்து, நெற்றியில் திருநீறு அழியாமல் நேரே வேலைக்குப் போனால் மில் கேட் சாத்தியிருக்கிறது. கேட்டில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. அதன் முன்னால் இருநூறு பேர் நிற்கிறார்கள். ஒருவர்கூடப் பேசவில்லை. இருநூறு பேர் பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

என் பக்கத்து மிஷின்காரி ரோஸ்லிக்குப் படிக்கத் தெரியும். "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"மூடிட்டாகளாம்."

"எப்பத் திறப்பாகளாம்?"

"அது எழுதலை, பேச்சி."

ஒரு வாரம் கழித்துக் கேட்டுக்குப் பக்கத்து அறையில் கணக்கு முடித்தார்கள். மில்லை மூடினால் நஷ்ட ஈடு உண்டு. வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம். இது சட்டம் என்று எங்கள் சங்கத்து எழுத்தர் சந்தானம் அண்ணன் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தார். நான் மனசுக்குள் இருபத்தாறைப் பதினைந்தால் பெருக்கி, அந்தப் பணத்தில் ஒரு பெரிய கிரைண்டரும் வாங்கிவிட்டேன். தெருவுக்கே மாவு ஆட்டிக் கொடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம், மூட்டை தூக்கித் தூக்கி முதுகு வளைந்துபோன மனுஷனை உட்கார வைத்துச் சோறு போடலாம் என்பது என் திட்டம்.

மேஜைக்குப் பின்னால் மேனேஜர் வரதன் ஐயா உட்கார்ந்திருந்தார். சஃபாரி உடுப்பு, தங்க நிறத்தில் கைக்கடிகாரம். ஆளைப் பார்க்காமல் ஃபைலைப் பார்த்துப் பேசுகிறவர்.

"பதினோரு வருஷம். இங்க கையெழுத்துப் போடும்மா."

"இருபத்தாறு வருஷம்யா."

"பெர்மனெண்ட் ஆகிப் பதினொன்னு. அதுக்கு முன்னாடி நீ பதிலி. பதிலிக்குக் கணக்கு இல்லை."

பதிலி என்றால், வராத ஆளுக்குப் பதிலாக நிற்கிற ஆள். பதினைந்து வருஷம் தினமும் காலையில் கேட்டில் நின்று, இன்றைக்கு ஆள் வரவில்லை, வா என்று அவர்கள் கூப்பிட, அதே மிஷினில் நின்றிருக்கிறேன். அந்த வராத ஆளை நான் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

"அப்ப அந்தப் பதினஞ்சு வருஷமும் நான் யாருக்குப் பதிலா நின்னேன்யா? அவளைக் கூப்பிடுங்க. அவகிட்ட நான் வாங்கிக்கிறேன்" என்றேன்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வரதன் ஐயா சிரிக்கவில்லை. நானும் கையெழுத்துப் போடவில்லை. காகிதத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டு, புடவையை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். (அந்த நடை இருக்கிறதே, அதற்கே தனியாக நஷ்ட ஈடு கொடுக்கலாம்.)

சந்தானம் அண்ணன் டீக்கடை மாடியில் சங்க அறையில் இருந்தார். "நல்லது செஞ்ச தாயி. மனுப் போட்டா வாங்கிரலாம். ஆனா ஒன்னு. ஒரு வருஷத்துக்குள்ள மனு உள்ள போகணும். முந்நூத்தி அறுபத்தஞ்சு நாள். அதுக்கு மேல போனா எதுக்கு லேட்டுன்னு ஆபீஸர் மனசுக்கு ஒத்துக்கிற மாதிரி காரணம் சொல்லணும். இப்பவே எழுதட்டுமா?"

"பொறுங்கண்ணே. நாளை நான் எண்ணிக்கிறேன்" என்றேன்.

ஏன் அன்றைக்கே எழுதவில்லை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். மனுப் போட்டவளை மில் திறந்தால் மறுபடி சேர்க்க மாட்டார்கள். மில் திறக்கும் என்று நான் நம்பினேன். நம்பியதற்குக் காரணமும் இருந்தது. மில்லின் சங்கு ஊதிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் மில் சைரனைச் சங்கு என்றுதான் சொல்வோம். மத்தியானம் இரண்டே முக்காலுக்கு இரண்டாம் ஷிப்டுக்கு ஒரு சங்கு. மில்லை மூடிய பிறகும் அது நிற்கவில்லை. வாட்ச்மேன் சோலை பழக்கத்தில் ஊதுகிறார், மில்லுக்கு உயிர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மில்லுக்கு உயிர் இருக்கும்போது அதன் மேல் மனுப் போடுவது, மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற மனுஷனுக்குச் சாவுப் பந்தல் போடுகிற மாதிரி எனக்குப் பட்டது.

எங்கள் வீட்டில் அப்போது காலண்டர் இல்லை. வருஷா வருஷம் மில்தான் காலண்டர் கொடுக்கும். அந்த வருஷம் கொடுக்கவில்லை. ரோஸ்லி அவர்கள் சர்ச் காலண்டரைத் தருகிறேன் என்றாள். எனக்கு எதற்கு? அடுக்களைக் கதவின் பின்பக்கம் இருந்தது, மில்லிலிருந்து மடியில் வந்த சாக்பீஸும் இருந்தது. சங்கு கேட்டதும் ஒரு கோடு. ஐந்து கோடு ஒரு கட்டு. எழுபத்து மூன்று கட்டு ஆனால் முந்நூற்று அறுபத்தைந்து. கல்வெட்டு!

நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை மில்லுக்கு லீவு. லீவு நாளில் சங்கு ஊதாது. ஊதாத நாளுக்கு நான் கோடு போடவில்லை. இருபத்தாறு வருஷமாக லீவு நாள் என்பது எனக்குக் கணக்கில் வராத நாள். பேறுகாலத்தைக்கூட ஷிப்டு வைத்துத்தான் எண்ணினேன், பிள்ளை நான் சொன்னதற்கு முன்னால் பிறந்துவிட்டது. அதை அவசரக்காரப் பிள்ளை என்று திட்டினேனே தவிர, என் எண்ணிக்கையைச் சந்தேகப்படவில்லை.

மில் மூடிய சில மாதத்தில் ஒன்று கவனித்தேன். சங்கின் குரல் மாறியிருந்தது. மில் ஓடிய காலத்தில் அது ஒரே இழுப்பு இழுக்கும். இப்போது பாதி தூரம் போய் நிற்கிறது. ஒரு மனுஷன் மூச்சு விடுகிற அளவுக்கு நிற்கிறது. பிறகு மீதியை இழுக்கிறது. குழாயில் ஓட்டை விழுந்திருக்கும், சோலை அதை அடைத்து ஒக்கிட வேண்டாமா என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் எங்கள் சந்து நாய் படுத்த இடத்தில் எழுந்து நிற்கும். குரைக்காது. மில் இருக்கும் திசையைப் பார்த்து வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொள்ளும். கொடியில் காயும் துணியை எடுக்கப் போனால், கறுப்புப் புடவையில் பொடிப் பொடியாகப் பஞ்சு ஒட்டியிருக்கும். மில்லில் வேலை பார்த்தவரை தினமும் தலையில் ஒட்டிக்கொண்டு வருமே, அதே பஞ்சு. எங்கேயோ இலவ மரம் வெடித்திருக்கிறது என்று உதறிவிட்டேன். (அந்தச் சந்தைச் சுற்றி இலவ மரம் கிடையாது. எனக்குத் தெரியும். தெரிந்தே உதறினேன்.)

என் வீட்டுக்காரர் கருப்பையா வெங்காய மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். விடியுமுன் போய், மத்தியானம் வந்து சாப்பிட்டுப் படுத்தால் இடி விழுந்தாலும் கேட்காது. சங்கு கேட்டதா என்று அவரிடம் நான் கேட்டதும் இல்லை. யாரிடமும் கேட்டதில்லை. சூரியன் உதித்தது தெரியுமா என்று யாரிடமாவது கேட்போமா?

தீபாவளி முடிந்து ஒருநாள், ஒரு டப்பா முறுக்கு எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். நேரம் தவறாமல் ஊதுகிற மனுஷனுக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டாமா? உச்சி வெயில். கேட்டுக்கு உள்ளே வேலிக்கருவை ஆள் உயரம் வளர்ந்திருந்தது. ஜன்னல் கண்ணாடி ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் காற்றில் சூடான எண்ணெயும் பஞ்சும் கலந்த மணம், மிஷின் ஓடும்போது வருமே, அது வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நின்றேன். உள்ளங்காலில் மெல்ல அதிர்ந்தது. வெயிலில் வந்த தலைச்சுற்றல் என்று முடிவு செய்து செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் டோக்கன் பலகை அப்படியே தொங்கியது. அந்தப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு பித்தளை வில்லை, அதில் நம்பர். வேலைக்கு உள்ளே போகும்போது நம்பர் வெளியே தெரியத் திருப்பி மாட்ட வேண்டும். வெளியே வரும்போது மறுபடி திருப்பிவிட வேண்டும். அன்றைக்கு எல்லா வில்லையும் நம்பர் தெரிய மாட்டியிருந்தன. என் நம்பர் இருநூற்றுப் பதினான்கும்தான். பலகையை நம்பினால் நாங்கள் இருநூறு பேரும் உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

"ஏண்ணே, ஆளில்லாத மில்லுல எதுக்கு அம்புட்டையும் திருப்பி வச்சிருக்கீக?" என்று சோலையை அதட்டினேன்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பலகைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார். "காலையில எல்லாத்தையும் நாந்தான்க்கா கவுத்து வைக்கிறேன். மத்தியானம் பாத்தா இப்படி இருக்கு."

வயசாகிவிட்டது, மறதி என்று நினைத்துக்கொண்டேன். முறுக்கைக் கொடுத்தேன். "சங்கு நல்லா ஊதுறீக. நடுவுல மட்டும் நிக்குது. அதைப் பாருங்க."

முறுக்கு டப்பாவைத் திறந்தவர் மூடிவிட்டார். என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "உங்களுக்கும் கேக்குதாக்கா?"

"எனக்கென்ன காது செவிடா?"

"நிறுத்தச் சொல்லுங்கக்கா."

"யாருகிட்ட?"

"தெரிஞ்சா நானே சொல்லியிருக்க மாட்டேனா?"

பாவம், சம்பளம் சரியாக வரவில்லை போலிருக்கிறது, முதலாளி கட்டாயப்படுத்தி ஊத வைக்கிறார் என்று நான் புரிந்துகொண்டேன். புத்திசாலி என்றால் நான்தான். வீட்டுக்கு வந்து இரண்டே முக்காலுக்குக் கோடு போட்டேன்.

அடுத்த மாசியும் வந்தது, சிவராத்திரியும் வந்தது. எழுமலைக்குப் போகப் பை எடுத்து வைத்துக்கொண்டே என் வீட்டுக்காரர் கேட்டார்.

"ஏ பேச்சி, போன சிவராத்திரிக்குத்தான மில்லை மூடுனாங்க? அப்ப வருஷம் முடிஞ்சிருச்சுல்ல?"

கதவின் பின்னால் போய் எண்ணினேன். அறுபது கட்டும் நாலு கோடும். முந்நூற்று நாலு. "இன்னும் அறுபத்தோரு நாள் கிடக்கு" என்றேன்.

"சிவராத்திரி வந்திருச்சேடி!"

"சிவராத்திரி ஒவ்வொரு வருஷமும் ஒரே தேதியிலயா வருது? முன்னப் பின்ன வரும். இந்த வருஷம் ரொம்ப முன்னால வந்திருச்சு. அம்புட்டுத்தான்."

சித்திரைத் திருவிழா வந்தது. மில் மூடிய பிறகு அழகர் ஆற்றில் இறங்குவது அது இரண்டாவது தடவை. நனைந்த வேட்டியோடு வந்த மனுஷன் வாசலில் நின்றே கத்தினார். "அழகரே ரெண்டு தடவை இறங்கிட்டாரு! உன் ஒரு வருஷம் இன்னுமா முடியலை?"

"அழகர் நட்சத்திரம் பாத்து வர்றவரு. எனக்குச் சங்கு" என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "என்ன சங்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேட்டியைப் பிழியப் போய்விட்டார்.

கத்திரி வெயில் கொளுத்திய ஒரு நாளில் எழுபத்து மூன்றாவது கட்டின் குறுக்குக் கோட்டைப் போட்டேன். குளித்து, நல்ல புடவை கட்டி, மல்லிகைப் பூ வைத்து, டீக்கடை மாடி ஏறினேன்.

"அண்ணே, சரியா முந்நூத்தி அறுபத்தஞ்சு. எழுதுங்க மனுவை."

சந்தானம் அண்ணன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி காலண்டரைப் பார்த்தார். "தாயி, நீ மனுப் போட்டுட்ட, நான் கோர்ட்டுக்கு அலையுறப்ப வேற யாரோ எழுதிக் குடுத்துட்டாகன்னுல்ல நெனச்சேன்!"

"நாந்தான் எண்ணிக்கிறேன்னு சொன்னேன்ல?"

"எழுபத்திரண்டு நாள் தாண்டிருச்சு!"

நான் சண்டை போட்டேன். அவர் காலண்டரை ஆணியோடு கழற்றி என் முன்னால் வைத்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். சிவப்பு நிறத்தில் ஞாயிறு வந்ததும் அவர் விரல் நின்றது. "இதுக்குக் கோடு போட்டியா?"

"அன்னைக்குத்தான் லீவாச்சே" என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் காது சுட்டது. வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு, அதற்கு மேல் ஓடிய வாரங்களுக்குப் பத்து, ஆக அறுபத்திரண்டு ஞாயிறு. பொங்கல், தீபாவளி, மே தினம் என்று பத்து லீவு. ஆக எழுபத்திரண்டு. கூட்டல் அந்த நேரத்திலும் எனக்குச் சரியாகத்தான் வந்தது.

கிரைண்டர் என் கண் முன்னால் ஒருமுறை சுற்றி நின்றது.

அவர் பேனாவை எடுத்தார். "சரி, லேட்டுக்கு ஒரு காரணம் எழுதணும். மஞ்சக்காமாலைன்னு போடுவோம்."

"எனக்கு ஒருநாளும் காய்ச்சல்கூட வந்ததில்லைண்ணே. இருபத்தாறு வருஷத்துல சீக்குன்னு ஒரு லீவு எடுத்ததில்ல. இப்பப் பொய்யாச் சீக்காளி ஆகணுமா?"

"அப்ப என்னன்னு எழுத?"

"சங்கை வச்சு எண்ணினேன்னு எழுதுங்க."

அவர் பேனா பாதியில் நின்றது. "எந்தச் சங்கு?" என்றார். அப்புறம் ஒன்றும் கேட்காமல் எழுதினார்.

மூன்று வாரம் கழித்துத் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. அதிகாரி ஒரு அம்மா, என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார். எதிரே வரதன் ஐயா, அதே கடிகாரம். வெளியே வராந்தாவில் வேறு விஷயமாக வந்த எங்கள் மில் ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் பெஞ்சில் காத்திருந்தார்கள். ரோஸ்லியும் இருந்தாள்.

அதிகாரி அம்மா மனுவை இரண்டு தடவை படித்தார். "மில் சங்கை வச்சு நாள் எண்ணினதா எழுதியிருக்கு. மூடின மில்லுல யாரும்மா சங்கு ஊதினாங்க?"

"வாட்ச்மேன் சோலைங்கம்மா."

வரதன் ஐயா ஃபைலிலிருந்து இரண்டு காகிதம் எடுத்தார். "மேடம், மூடின மறு வாரமே கரண்ட் கனெக்ஷனைத் துண்டிச்சாச்சு. அடுத்த மாசமே சைரனைக் கழட்டி வாடிப்பட்டியில இருக்கிற பழைய இரும்புக்காரருக்கு வித்தாச்சு. ரசீது இருக்கு. இந்தம்மா சொல்றது சுத்தப் பொய்."

எனக்கு அந்த வெயில் காலத்திலும் முதுகு சில்லிட்டது. டோக்கன் பலகை நினைவுக்கு வந்தது. சோலை அதற்கு ஏன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார் என்பது ஏழு மாதம் கழித்து அந்த நாற்காலியில் வைத்துத்தான் எனக்குப் புரிந்தது. ஆனால் பொய் என்று சொல்லிவிட்டாரே! பயத்தைவிட அதுதான் பெரிதாகப் போய்விட்டது.

"பொய்யாம்மா? தினமும் கேட்டேம்மா. இப்படித்தான் ஊதும்" என்று எழுந்து நின்று, கையை வாயில் குவித்து, இருபத்தாறு வருஷம் நூல் தூசி தின்ற நுரையீரலில் இருந்த காற்று அத்தனையையும் சேர்த்து ஊதிக் காட்டினேன். (அரசாங்க அலுவலகத்தில். நல்ல புடவையில். தலையில் பூவோடு. இதை எழுதும்போது இப்போதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறேன்.)

பக்கத்து அறையில் டைப் அடிக்கிற சத்தம் நின்றது. பியூன் டீ டம்ளரைக் கீழே போட்டார். வராந்தாவில் தடதடவென்று ஏதோ சத்தம். கதவு வழியாகப் பார்த்தால், பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் எழுந்து, ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டி நின்றிருந்தார்கள். ரோஸ்லி புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டிருந்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

நான் கோபத்தில் நடுவில் நிறுத்த மறந்து, மூச்சு முடியும்வரை ஒரே இழுப்பாக இழுத்து முடித்தேன். அப்போது வரதன் ஐயா, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது போல மெல்லச் சொன்னார்.

"அப்படி இல்லை. நடுவுல ஒரு மூச்சு விடும்."

அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

அதிகாரி அம்மா பேனாவை மேஜையில் வைத்தார். "மில் ஓடுறப்பவே அப்படி மூச்சு விடுமா, சார்?"

"இல்லை" என்று கதவுக்கு வெளியே வரிசையில் நின்ற ஒருவர் சொன்னார். "இப்பத்தான் அப்படி."

அதிகாரி அம்மா வரதன் ஐயாவை விடவில்லை. "உங்களுக்கு எப்படித் தெரியும், சார்? வித்தாச்சுன்னு ரசீது கொடுத்திருக்கீங்களே?"

வரதன் ஐயா ஃபைலைப் பார்க்கவில்லை. முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "வீட்டுல கேக்கும் மேடம். எங்க வீடு மில்லுல இருந்து நாலு கிலோமீட்டர். தினமும் அதை வச்சுத்தான் வாட்சைச் சரி பண்றேன். என் சம்சாரத்துக்குக் கேக்கலைங்கிறா. டாக்டர்கிட்டகூடப் போனேன்."

"ஞாயிற்றுக்கிழமை?" என்றார் அதிகாரி அம்மா.

"ஞாயிற்றுக்கிழமை ஊதாது மேடம். லீவு."

அதிகாரி அம்மா மனுவை இன்னொரு தடவை படித்தார். பிறகு எழுதினார். தாமதம் மன்னிக்கப்பட்டது, மனு ஏற்கப்பட்டது. காரணம் என்ன என்று சந்தானம் அண்ணன் படித்துக் காட்டினார்: "மனுதாரர் நல்லெண்ணத்துடன் நாட்களைக் கணக்கிட்டதில் நேர்ந்த பிழை."

"பிழையா? எனக்கா?" என்று நான் எழுந்தேன்.

"உட்காரும்மா" என்றார் அதிகாரி. "சங்குன்னு என்னால எழுத முடியாது. மேல இருக்கிறவங்க எனக்கு மெடிக்கல் லீவு கொடுத்துருவாங்க."

அதன் பிறகு இரண்டு விசாரணை நடந்தது. பதிலியாக நின்ற வருஷங்களின் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுவந்தார்கள். என் நம்பருக்கு நேரே பக்கம் பக்கமாக வருகை. மூன்று வருஷத்துப் பதிவேட்டைக் கறையான் தின்றிருந்தது. ஆக இருபத்து மூன்று வருஷத்துக்குப் பணம் கொடுத்தார்கள். மூன்று வருஷம் கறையானுக்கு. செக்கை வாங்கும்போது வரதன் ஐயா என்னிடம் மெதுவாகக் கேட்டார். "இனிமேலாவது நிக்குமாம்மா?" எனக்கு என்ன தெரியும்?

மறுநாள் இரண்டே முக்காலுக்குச் சாக்பீஸோடு கதவருகே நின்றேன். சங்கு ஊதவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் ஊதவில்லை. சந்து நாய் மட்டும் சில நாள் அந்த நேரத்துக்கு எழுந்து நின்று, சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி படுத்துக்கொண்டது. நானும் கிட்டத்தட்ட அதையேதான் செய்தேன்.

கிரைண்டர் வந்தது. அது இறங்கிய அன்றைக்கு, பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டி முதல் மாவு ஆட்டினேன். வீட்டில் எல்லாரும் சேர்ந்து என் எண்ணிக்கையைக் கிண்டல் செய்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. உளுந்தை அலசிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"நீ விட்ட எழுபத்திரண்டு நாளும் எனக்குக் கேட்டுச்சு, பேச்சி."

அலசிய தண்ணீரைச் சாய்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"ஞாயித்துக்கிழமையும் லீவு நாளும் மட்டும் கேக்கும். மத்த நாள் கேக்காது. உனக்குக் கேட்டிருக்காதுன்னு நெனச்சு நான் சொல்லலை. நீ அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருப்ப."

"பொய் சொல்லாதீக. அப்படின்னா எப்படி ஊதுச்சு, சொல்லுங்க பாப்போம். நடுவுல மூச்சு விட்டுச்சா?"

அவர் யோசித்தார். பகடி பேசுகிற மனுஷன்தான். ஆனால் பகடி பேசும்போது அவர் இடது புருவம் துடிக்கும். அன்றைக்குத் துடிக்கவில்லை.

"இல்லை. ஒரே இழுப்பு. லீவு நாளுல்ல, அலுப்பு இருக்காது."

அவர் சொன்னது நிஜமா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் கணக்கையும் என் கணக்கையும் சேர்த்தால் ஒருநாள் கூடவும் இல்லை, ஒருநாள் குறையவும் இல்லை. எங்கள் வீட்டில் யாராவது கைமாற்று வாங்கினால், "சாதா வருஷமா, பேச்சி வருஷமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிந்தி வருகிறவர்களை, "உனக்குச் சங்கு எந்தக் கிழமை?" என்று கேட்டுத்தான் பந்தியில் உட்கார வைக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால் தினமும் இரண்டே முக்காலுக்கு ஒரு நிமிஷம் கிரைண்டரை நிறுத்திவிடுகிறேன். மாவுக்குக் காத்திருக்கிறவர்கள் ஏன் என்று கேட்டால், கல் சூடாகிவிட்டது என்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் நிறுத்துகிறேன்.